ஒரு முழுப் புழு

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குத் தெரியாத ரகசியம் ஒரு தெருவில் இருக்க முடியாது. நான் நீலசந்திராவில் பத்தொன்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். யாருக்கு எந்த வியாதி, யார் வீட்டில் எந்த வழக்கு, யாருடைய பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் ரேஷன் கார்டில் இன்னொன்றுமாக இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் படிப்பேன். ஆனால் ஜெயலட்சுமி விஷயத்தில் நான் படிப்பதோடு நிற்கவில்லை. அவளுக்காக ஒரு பொய்யை என் கையாலேயே எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை. அது எட்டு வருஷம் அந்த வீட்டைப் படுத்திய பாட்டைச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

ஜெயலட்சுமிக்கு எங்கள் காம்பவுண்டில் கடைசி வீடு. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் உத்தமன் ஆட்டோ ஓட்டுகிறான். மீட்டருக்கு மேல் கேட்கத் தெரியாத மனுஷன். பெயர் அப்படி வைத்துவிட்டார்கள், என்ன செய்வது? இவள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். வேலை செய்வது இரண்டு தெரு தள்ளி இருக்கிற சேஷகிரியின் யூனிட்டில். அங்கே செய்வதைத்தான் எங்கள் பேட்டைப் பிள்ளைகள் எல்லாரும் கை மஞ்சளாகும்வரை தின்கிறார்கள்.

மஞ்சள் பாக்கெட்டில் ஏதோ ஆங்கிலப் பெயர் அச்சடித்திருக்கும். அதை யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் கடலைப் புழு. சோள ரவை ஒரு இயந்திரத்துக்குள் போய், சூட்டில் பொரிந்து, விரல் நீளத்துக்கு வளைந்த வெள்ளைத் துண்டுகளாக விழும். அந்தத் துண்டுகளைச் சுழலும் டிரம்மில் போட்டு, வறுத்து அரைத்த வேர்க்கடலை விழுதைச் சூடாக மேலே ஊற்றுவார்கள். வாயில் போட்டால் கடிக்கவே வேண்டாம், கரைந்துவிடும். ஊற்றுவதுதான் கஷ்டமான வேலை. டிரம் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து, நூல் மாதிரி விடவேண்டும். அந்த வேலையைப் பதினொரு வருஷமாகச் செய்கிறவள் ஜெயலட்சுமி. அவள் லீவு போட்டால் சேஷகிரி என் கடைக்கு வந்து புலம்புவார்.

“ஜெயம்மா கை இல்லாட்டி பாதி வழுக்கை, பாதி சேறு, ஸ்வர்ணா. நான் என்னத்த விக்கறது?”

இதில் என்ன கொடுமை என்றால், அவளுடைய ஒரே பையன் கிஷோருக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி, பேதி என்று நினைக்க வேண்டாம். உயிர் போகும்.

அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது உத்தமன் ஆசையாக ஒரு கடலை மிட்டாய்த் துணுக்கை வாயில் வைத்தான். ஐந்தே நிமிஷத்தில் உதடு பன் மாதிரி வீங்கி, மூச்சு இழுத்து, குழந்தை நீலமாகிப் போனான். உத்தமன் அன்று சிக்னல் எதிலும் நிற்காமல் ஓட்டியதால் பிள்ளை பிழைத்தான். அடுத்த வாரம் அலர்ஜி பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சீட்டுப் போட்டார்கள். அங்கே கொடுத்த நாலு பக்க ஆங்கிலப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஜெயலட்சுமி என் கடைக்கு வந்தாள். நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். தாயின் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“எழுதட்டுமா? சேஷகிரி கம்பெனி, கடலை பஃப் பண்றதுன்னு?”

“வேணாங்கா. கார்மெண்ட்ஸ்னு எழுதிடு.”

“டாக்டர்கிட்டப் போயி பொய் சொல்லுவாங்களாடி?”

“தெரிஞ்சா வேலைய வுடுன்னுவாங்க. வுட்டா நான் எங்க போறது? கார்மெண்ட்ஸ்ல உள்ள போனா சாயங்காலந்தான் வெளிய வரமுடியும். இங்கன்னா புள்ளைக்கு ஒண்ணுன்னா பத்து நிமிஷத்துல ஓடியாந்துடுவேன். எழுதுக்கா.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

அன்றிலிருந்து அவள் ஒரு விரதம் மாதிரி ஆரம்பித்தாள். ஐந்தரைக்கு யூனிட்டிலிருந்து வருவாள். முன்வாசல் பக்கமே வரமாட்டாள். காம்பவுண்டின் பின்சந்து வழியாகப் போய், பொதுக் குளியலறைக்குள் நுழைந்து, தலையோடு குளித்து, கட்டியிருந்த புடவையை அங்கேயே வாளியில் முக்கி, வேறு உடுத்திக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவாள். மார்கழிக் குளிரோ, தண்ணீர் வராத நாளோ, அதெல்லாம் கணக்கில்லை. பையன் சின்னவனாக இருக்கும்போது அம்மாவைக் கண்டதும் ஓடி வருவான். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, “கிட்ட வராத, கிட்ட வராத” என்று பின்வாங்குவாள். தான் போவது கார்மெண்ட்ஸுக்கு, அங்கே ஒட்டுகிற துணித் தூசி அவனுக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தாள். காம்பவுண்டில் தெரிந்தவர்களும் பையனிடம் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில் அவனும் ஓடி வருவதை விட்டுவிட்டான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் நான் எழுதிய வார்த்தைதானே, வாயைத் திறக்க முடியாது.

இந்த வருஷம் கிஷோருக்கு ஒன்பதரை வயது முடிந்தது. ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சொல்லி, டாக்டர் மமதா ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து, துளித் துளியாக வேர்க்கடலை கொடுத்து, எவ்வளவு தாங்குகிறான் என்று பார்ப்பது. ஊசி, ஆக்சிஜன் எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கும். நாலு நாளுக்கு முன்பிருந்தே அரிப்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். பொடியாகத்தான் கொடுப்பார்கள், பையன் மறுத்தால் என்ன செய்வது என்று, அவன் வயதுப் பிள்ளைகள் விரும்புகிற கடலைத் தின்பண்டம் ஒன்றைப் பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளையும் நான்தான் படித்துச் சொன்னேன். மூலைக்கடையில் ஒரு மஞ்சள் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டதும் நான்தான். ஜெயலட்சுமி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடியிலேயே முடிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி. உத்தமனால் வார்டுக்குள் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. கடலை மிட்டாய் கொடுத்த கை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு கீழே ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டான். அதனால் நான் அவளோடு இருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களும் நிறைய இருந்தன.

நர்ஸ் ஸ்னேஹா கேரளத்துப் பெண், ரொம்பப் பொறுமைசாலி. ஆப்பிள் கூழில் பொடியைக் கலந்து கரண்டியை நீட்டினாள். கிஷோர் பல்லைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வேர்க்கடலை என்றால் விஷம் என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள்? கொஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை உதட்டில் பட்டதும் குமட்டிக் காலையில் குடித்த பால் முழுவதையும் வெளியே கொண்டுவந்துவிட்டான். டாக்டர் மமதா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார். அவர் பேசுவது கன்னடம் கலந்த தமிழ்.

“பேடா, பொடி வேண்டாம், விட்டுடு. பாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களா? அதைக் கொடுங்க. கூட்டாளிங்க திங்கறதைப் பார்த்திருப்பான். சாப்பிடுவான்.”

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போது ஜெயலட்சுமி என் கையைப் பார்த்தாள். பாக்கெட்டின் பின்பக்கம் ஊதா மையில் குத்தியிருந்த தேதியைப் பார்த்தாள்.

டாக்டர் பாக்கெட்டில் அச்சடித்திருந்த கணக்கைப் படித்து, நூறு கிராமுக்கு இவ்வளவு கடலை என்று பார்த்து, ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். முதலில் கால் துண்டு, அப்புறம் அரை, அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நிமிஷம்.

ஜெயலட்சுமி என் காதருகே வந்தாள்.

“அக்கா, அது செவ்வாக்கிழமை சரக்கு.”

“அதுக்கென்ன?”

“அன்னிக்கு விழுதுச் சட்டியோட ஹீட்டர் ரிப்பேரு. கட்டி கட்டியா வந்துச்சு. நான்தான் ஊத்தினேன். சிலதுல ஒண்ணுமே ஒட்டல. சிலது உள்ள பூரா குடிச்சிருக்கும். துண்டு கணக்குல குடுத்தா அவங்களுக்கு எப்டித் தெரியும், எதுல எவ்ளோ இருக்குதுன்னு?”

சொல்லடி என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர டாக்டர் பக்கம் போகவில்லை. ஹீட்டர் ரிப்பேர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வாள்? எட்டு வருஷமாகக் கார்மெண்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதே? நானாவது சொல்லியிருக்கலாம். என் வாயை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இதை இப்போது உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் டாக்டரிடம் போனாள். சொன்னதோ வேறு.

“மேடம், வேற பாக்கெட் வாங்கியாரட்டுமா?”

“ஏன்? இது சீல் பிரிக்கலையே. தேதியும் சரியா இருக்கு.”

“இல்ல மேடம், சும்மா…”

“பயப்படாதீங்கம்மா. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஸ்னேஹா, பேகா பேகா, சீக்கிரம், ஒன்பதரை ஆயிடுச்சு.”

ஸ்னேஹா பாக்கெட்டைக் கத்திரித்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினாள். நாற்பது ஐம்பது புழுக்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஸ்னேஹா பார்க்க நன்றாக, வெளிறிய நிறத்தில் இருந்த ஒன்றை எடுத்தாள். நிறம் குறைவாக இருந்தால் கடலையும் குறைவாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை நாலாக வெட்டி, ஒரு பங்கைச் சின்னத் தராசில் நிறுத்து, கிஷோரின் வாயருகே கொண்டு போனாள். அவன் இந்தத் தடவை வாயைத் திறந்தான். கூட்டாளிகள் தின்பதைப் பார்த்து எத்தனை நாள் ஆசையோ?

ஜெயலட்சுமி பாய்ந்து ஸ்னேஹாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். துண்டு கீழே விழுந்தது. தராசு உருண்டது.

“ஏனாய்த்து?” என்று டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அது வாய் தொறந்தது மேடம். அதைக் குடுக்காதீங்க. மேல வெள்ளையாதான் இருக்கும். உள்ள பூரா விழுது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் மேடம் அதைச் செய்றது. கார்மெண்ட்ஸ் இல்ல. பதினோரு வருஷமா கடலை யூனிட்லதான் இருக்கேன். இந்தப் பாக்கெட்டு என் கையால ஊத்துனது.”

டாக்டர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் மூடினார்.

“இதை இவ்வளவு வருஷம் ஏன் சொல்லலைன்னு அப்புறம் பேசலாம். இப்ப இதைச் சொல்லுங்க. எது குறைச்சல், எது ஜாஸ்தின்னு உங்களால பிரிக்க முடியுமா?”

“முடியும்.”

“பார்த்தா?”

“தொட்டா.”

கையுறை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தெரியாது என்று சொல்லி, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். விரலுக்கு நடுவில் ஒரு உருட்டு, நுனியில் கட்டைவிரலால் ஒரு தடவல், அவ்வளவுதான். பொரியும்போது இரண்டு முனையும் மூடிக்கொண்டு விழுந்தது இடது பக்கம். ஒரு முனை கிழிந்தது நடுவில். இரண்டு முனையும் கிழிந்து, விழுதைக் குடித்தது வலது பக்கம். நாலைந்து நிமிஷத்தில் மூன்று குவியல். டாக்டர் வலது பக்கத்திலிருந்து ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே தவிட்டு நிறத்தில் விழுது அடைத்திருந்தது. அப்புறம் நடுக் குவியலையும் வலது குவியலையும் ஓரம் தள்ளிவிட்டு, முன்னால் எழுதிய கணக்கையும் அடித்துவிட்டு, இடது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து எட்டில் ஒரு பங்காக வெட்டச் சொன்னார்.

அதற்குள் கிஷோர் வாயை மூடிக்கொண்டுவிட்டான்.

“மா, இதை நீயா செய்யற?”

“ஆமாண்டா.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“அப்ப துணித் தூசின்னது பொய்யா?”

“பொய்தான்.”

அவன் தட்டைப் பார்த்தான். ஒன்பதரை வயதுப் பிள்ளையின் முகத்தில் அவ்வளவு கணக்கு ஓடி நான் பார்த்ததில்லை. அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

“நல்லா இருக்குமா?”

“எனக்குத் தெரியாதுடா. உனக்கு ஆகாதுன்ன நாள்லருந்து நான் வாயில வெச்சதில்ல.”

அவன் வாயைத் திறந்தான்.

எட்டில் ஒரு பங்கு. இருபது நிமிஷம். ஒன்றும் இல்லை. ஸ்னேஹா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். கால் பங்கு. ஒன்றும் இல்லை. அரை. காதைச் சொறிந்தான், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். கொசு கடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொசு எப்படி வந்தது என்று அந்தச் சமயத்திலும் எனக்குக் கோபம் வந்தது. கீழேயிருந்து உத்தமன் மூன்று தடவை போன் பண்ணினான். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பதினொன்றுக்கு ஒரு முழுப் புழு. கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைத்தான். “நல்லாத்தான் இருக்குது” என்றான். ஜெயலட்சுமி அவன் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைத் தொடவில்லை. குவியல் பிரித்த கை அது. இருபது நிமிஷம் போனது. டாக்டர் இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்றார். அதுவும் போனது. ஒன்றுமே இல்லை.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இனி எல்லாம் சரி, பையன் பிழைத்தான், நாளைக்குக் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும் என்றெல்லாம் மனசு ஓட ஆரம்பித்தது. மனசுக்கு எப்போதும் அவசரம்.

அடுத்தது இரண்டு. தின்று பன்னிரண்டாவது நிமிஷம் அவன் தொண்டையைச் செருமினான். இன்னொரு தடவை செருமினான். “தண்ணி” என்றான். குரல் மாறியிருந்தது. நான் பார்க்கும்போதே வலது காது சிவந்து, சிவப்பு கழுத்துக்கு இறங்கி, கீழுதடு ஒரு பக்கமாகப் பருத்தது. அப்புறம் இருமல். இருமல் நிற்கவில்லை. டாக்டர் மமதா டிராயரோடு சேர்த்துத் தொடையில் ஊசியை அழுத்தினார். ஸ்னேஹா ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள். கிஷோரின் கண் மட்டும் முகமூடிக்கு மேலே தெரிந்தது. அது அம்மாவைத் தேடியது.

அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேலே. யாரும் தூக்கச் சொல்லவில்லை. “கிட்ட வராத” என்று எட்டு வருஷம் தூக்கிய அதே கை. நான் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது.

நாலு நிமிஷத்தில் இருமல் தணிந்தது. பத்து நிமிஷத்தில் உதடு பழைய அளவுக்கு வர ஆரம்பித்தது. அரை மணியில் அவன் முகமூடியைக் கழற்றச் சொல்லி நச்சரித்தான். நான் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜெயலட்சுமி உட்காரவில்லை.

“மேடம், என்னாலதான் வந்துச்சா அவனுக்கு?”

டாக்டர் நேராகப் பதில் சொல்லாமல் வேறு கேட்டார்.

“கைக்குழந்தையில அவனுக்குக் கரப்பான் இருந்துச்சா?”

“இருந்துச்சு. ரெண்டு கன்னமும் புண்ணு.”

“திரும்ப வேலைக்கு எப்பப் போனீங்க?”

“அஞ்சாம் மாசம். மத்தியானம் ஓடியாந்து பால் குடுத்துட்டுப் போவேன்.”

அது எனக்கும் நினைவிருக்கிறது. யூனிட் புடவையோடு ஓடி வருவாள். மார்பெல்லாம் கடலைத் தூசி. குழந்தை புண்ணான கன்னத்தை அதிலே அழுத்திக்கொண்டு குடிக்கும். நான் கடையிலிருந்து பார்த்து, என்ன பாசம் என்று நினைத்திருக்கிறேன்.

“புண்ணான தோல்ல தூசி பட்டுப் பட்டு சில குழந்தைங்களுக்கு இப்படி வரலாம்னு சொல்றாங்க,” என்றார் டாக்டர். “உங்க வீட்ல அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். கடலைப் பக்கமே போகாத வீட்லயும் வருது.”

ஜெயலட்சுமி தலையை ஆட்டினாள். ஆனால் அவள் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

“வேலைய வுட்டுடறேன் மேடம்.”

“யாரு விடச் சொன்னது? உட்காருங்க.” டாக்டர் துண்டுக் கணக்கு எழுதிய தாளைத் திருப்பிக் காட்டினார். “இன்னிக்கு அவன் தோத்துட்டான்னு நினைக்காதீங்க. ஒரு முழுத் துண்டு தின்னு அரை மணி நேரம் அவனுக்கு ஒண்ணும் ஆகலை. கடலை அவன் திங்கக் கூடாது. ஊசி எப்பவும் கூட இருக்கணும். அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம். ஆனா உங்க புடவையில ஒட்டிக்கிட்டு வர்ற தூசி, அந்த ஒரு துண்டுல எட்டுல ஒரு பங்குக்குக்கூட வராது. கையைக் கழுவிக்கோங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி புடவையை மாத்திக்கோங்க. போதும். நீங்க தொட்டா அவனுக்கு ஒண்ணும் ஆகாது.”

“தொட்டாவா?”

“கட்டிப்பிடிச்சாலும்தான். இந்த வேலைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, இதை எப்பவோ பார்த்துச் சொல்லியிருப்பேனேம்மா.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எட்டு வருஷச் சாயங்காலங்கள். அத்தனையையும் நான் என் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் பேனாவில் அன்று மை இல்லாமல் போயிருக்கக் கூடாதா? கோப்பை வாங்கி முதல் பக்கத்தில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மேலே சரியானதை எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிஷோர் நாள் முழுக்கத் தூங்கினான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் அங்கே உட்காருகிற வழக்கம் இல்லை. என்னடா என்று கேட்டால், சும்மா என்றான்.

ஐந்தரைக்கு அவள் தெருமுனையில் வந்தாள். யூனிட் புடவை, தலையில் துணி, புருவத்தில் கூட மஞ்சள் தூசி. டாக்டர் சொன்னதெல்லாம் மண்டைக்குத் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டுமே? காம்பவுண்டை நெருங்கியதும் கால் தானாகப் பின்சந்துப் பக்கம் திரும்பியது. கிஷோர் எழுந்து ஓடினான். சந்து முனையில் அவளைப் பிடித்துவிட்டான். இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவள் கை இரண்டும் மேலே போய்விட்டன. அப்படியே நின்றாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

பையன் முகத்தை எடுக்காமலே சொன்னான்.

“கையை எறக்கும்மா.”